மண்ணிலிருந்து கண்ணுக்கு: நோகார்டியா

எல்லாக் கண் புண்ணுக்கும் ஒரே சொட்டு மருந்து போதும் என்று நினைப்பவர்களுக்காகவே நோகார்டியா பற்றி எழுதுகிறேன். மண்ணில் வாழும் இந்த பக்ரீரியா, தூசியோ நெற்சுணையோ பட்டுக் கீறிய கருவிழிப்படலத்தில் தொற்றும். புண்ணின் ஓரத்தில் ஊசிமுனை போன்ற வெண்புள்ளிகள் மாலைபோல் வளையமிடும்.

நுணுக்குக்காட்டியில் கிளைவிட்ட நூலாகத் தெரிவதால் பங்கசு என்று மயங்க இடமுண்டு. ஆனால் பங்கசுக்கான நட்டாமைசின் இதைக் கொல்லாது. புண்ணைச் சுரண்டி எடுத்து, கிராம் சாயத்தோடு, வீரியம் குறைந்த அமிலத்தால் கழுவும் சாயச் சோதனையும் செய்தால் வேறுபாடு தெரியும். முதன்மை மருந்து 2.5 சதவீத அமிக்காசின் சொட்டு.

2006 முதல் 2010 வரை, பெரும்பாலும் தமிழ்நாட்டின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில், 500 பேரிடம் நடந்த ஆய்வில், ஸ்டீரொய்ட் சொட்டும் இட்ட நோகார்டியா நோயாளருக்குத் தழும்பு பெரிதாக இருந்தது. பாமசியில் கேட்டு வாங்கும் சொட்டிலும் ஸ்டீரொய்ட் இருக்கலாம். வயலில் கண்ணில் ஏதும் பட்டு நோவும் சிவப்பும் மாறாவிட்டால், நேரே கண் கிளினிக்குக்குப் போங்கள்.