சிறைகளைக் காணச் சென்ற பிரெஞ்சுக்காரர்

1831-ஆம் வருஷம் மே மாதத்தில், அலெக்ஸி த தொக்வில் என்ற பிரெஞ்சு இளைஞர் தம் நண்பர் குஸ்தாவ் த பொமோனுடன் அமெரிக்கக் கரையில் வந்திறங்கினார். இருவரும் நீதித்துறை உத்தியோகஸ்தர்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறைச்சாலை முறைகளை ஆராய்ந்து வருவதே அவர்கள் ஏற்ற பணி. ஆனால், முந்தின வருஷத்து ஜூலைப் புரட்சியில் ஓர் அரசர் முடி துறந்து ஓடியதைப் பார்த்தவரும், பதினாறாம் லூயி மன்னருக்காக வாதாடிப் பின்னர்த் தாமும் கில்லட்டினுக்குப் பலியான மால்செர்பின் கொள்ளுப்பேரருமான தொக்விலுக்கு, இரத்தம் சிந்தாமல் ஜனங்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்வது சாத்தியந்தானா என்பதே உள்ளத்தை அரித்த கேள்வி.

ஏற்ற பணியை அவர் சிரத்தையுடனேயே செய்தார். பிலடெல்பியாச் சிறையில், தனிமைத் தண்டனை அனுபவித்த கைதிகளை அறை அறையாகச் சென்று கண்டு, ஒவ்வொருவரிடமும் பேசிக் குறித்துக்கொண்டார். இந்தப் பொறுமையே வெளியிலும் அவருக்குத் துணை நின்றது. வர்த்தகர், வக்கீல், காட்டைத் திருத்திக் குடியேறிய விவசாயி, முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் என்று யாரிடமும் அவர் கேட்டார்; கேட்டதை எழுதிவைத்தார்.

நியூ இங்கிலாந்தின் ஊர்களில், குடிகள் ஒன்றுகூடிச் சாலைக்கும் பள்ளிக்கும் வரி விதித்து, வருஷந்தோறும் தங்கள் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அவரைப் பெரிதும் கவர்ந்தது. சுதந்திரம் சாசனத்தில் எழுதிவைப்பதால் மட்டும் நிலைப்பதன்று, ஊர்க் காரியங்களில் கைபழகியே அது ஜனங்களுக்குச் சுபாவமாகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த அனுபவத்தால்தான். அதே சமயம், பெரும்பான்மையோரின் அபிப்பிராயம் மாற்றுக் கருத்துடையவனை வாய் திறக்கவொட்டாமல் அடக்கிவிடக்கூடும் என்ற அபாயத்தையும் அவர் ஒளிக்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில், மெம்பிஸ் நகரருகே, பூர்வீக நிலத்திலிருந்து அகற்றப்பட்ட சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் பனிக்கட்டி மிதந்த மிசிசிப்பி நதியைக் கடக்க வந்ததை அவர் நேரில் பார்த்தார். பச்சிளங் குழந்தைகளும், நோயாளிகளும், மரணத்தை எதிர்நோக்கிய கிழவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். அழுகுரலோ முறையீடோ எழவில்லை. அவர்களுடைய நாய்கள் மட்டும், தம்மை விட்டுச் செல்கிறார்கள் என்று உணர்ந்ததும் ஊளையிட்டு, உறைநீரில் குதித்துப் படகின்பின் நீந்தின. ஓஹையோ நதியின் இரு கரைகளையும் ஒப்பிட்ட அவர், சுதந்திர உழைப்பு நிலவிய வலக்கரை செழித்ததையும், அடிமைமுறை நிலவிய கெண்டக்கிக் கரை சோம்பிக் கிடந்ததையும் கண்டு, அம்முறை அடிமையை வதைப்பதோடு எஜமானனையும் கெடுக்கிறது என்று தீர்ப்பளித்தார்.

1835-லும் 1840-லும் இரு பாகங்களாக வெளிவந்த 'அமெரிக்காவில் ஜனநாயகம்' என்ற அவருடைய நூல், தம் நாட்டார் கற்றுக்கொள்ளவே எழுதப்பட்டது. அந்நிய தேசத்தைப் போற்றவும் இகழவும் எழுதியவர்கள் பலர். ஊர்க்கூட்டத்தின் மேன்மையையும் ஆற்றங்கரையின் அநீதியையும் ஒரே நேர்மையுடன் பதிவு செய்தமையாலேயே தொக்விலின் நூல் இன்றும் அமெரிக்கர்களாலேயே விரும்பிப் படிக்கப்படுகிறது.