ரெண்டு முட்டைக்கு ஒரு குஞ்சு

ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கிடந்த விஷயம். பதிவு கொஞ்சம் நீளம், காபியோ டீயோ எடுத்து வச்சுக்கிட்டு உட்காருங்க மக்களே.

கலர் கோழிக்குஞ்சு. பச்சை, ரோஸ், ஊதான்னு சாயம் ஏத்தி, கூடையில குவிச்சு, சைக்கிள் கேரியர்ல வச்சுக்கிட்டுத் தெருத்தெருவா வருவாங்களே, அதேதான். காசுக்கும் கொடுப்பாங்க, உடைஞ்ச பிளாஸ்டிக் குடத்துக்கும் கொடுப்பாங்க. உயிருள்ள ஒரு ஜீவன் எப்படி ஒரு ஓட்டை வாளிக்குச் சமானமாச்சு? இதுக்குப் பதில் தேடிப் போனா எகிப்து, அமெரிக்கா, ஜப்பான், நாமக்கல்னு ஒரு பெரிய சுத்து சுத்த வேண்டியிருக்கு.

முதல்ல நம்ம வீட்டுக் கொல்லைப்புறம். குஞ்சை விலைக்கு வாங்குறது அப்படிங்கிறதே நம்ம கிராமங்களுக்குப் புதுப் பழக்கம். கோழி இருந்தா குஞ்சு வரும், அவ்வளவுதான். நாட்டுக்கோழி ஒரு ஈடுக்குப் பத்து, பன்னெண்டு முட்டை போடும். அப்புறம் இடத்தை விட்டு எந்திரிக்காம, கிட்டப் போனா இறகைச் சிலுப்பிக்கிட்டு 'கொர்ர்'னு உறுமும். அதான் அடைக்கோழி. ஒரு கூடையில மணலோ வைக்கோலோ போட்டு, முட்டைகளை அடுக்கி, கூடவே ஒரு துண்டு கரி, ஒரு இரும்புத் துண்டு, நாலு வத்தல் மிளகாயும் வைப்பாங்க. இடி இடிச்சா முட்டை கூமுட்டை ஆகிடாம இருக்கவாம். (இரும்பு இடியைத் தடுக்குமான்னு என்கிட்ட கேட்காதீங்க, எங்க ஆத்தாகிட்ட கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை :-)) 21 நாள். பதினெட்டாம் நாள் வாக்குல வெதுவெதுப்பான தண்ணியில முட்டையை மிதக்க விட்டுப் பார்ப்பாங்க. உள்ளே உயிர் இருந்தா முட்டை லேசா ஆடும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. அடையில உட்கார்ந்த கோழி முட்டை போடாது. பொரிச்ச பிறகும் குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டுத் திரியும் வரைக்கும், அதாவது இன்னும் ரெண்டு மாசம் வாக்குல, முட்டை கிடையாது. அதனாலதான் முட்டை வேணும்கிற வீட்டுல அடைக்கோழியைத் தண்ணியில முக்கி எடுக்கிறது, மூக்குல இறகைச் செருகி விடுறது மாதிரியான கொடுமை எல்லாம் நடக்கும். ஒரு குஞ்சோட நிஜ விலை, அதோட அம்மா போடாம விட்ட முட்டைகள். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, மிச்ச வரலாறு பூரா இந்தக் கணக்கை ஏமாத்த மனுஷன் பண்ணின வேலைதான்.

முதல்ல ஏமாத்தினவங்க எகிப்துக்காரங்க. கிறிஸ்து பிறக்கிறதுக்கு முன்னூறு வருஷத்துக்கும் முன்னாடியே அரிஸ்டாட்டில், எகிப்துல சாணத்துல புதைச்சு வச்சே குஞ்சு பொரிக்கிறாங்கன்னு எழுதி வச்சிருக்கார். பிற்காலத்துல இது பெரிய அடுப்பு வீடுகளா வளர்ந்துச்சு. மண் செங்கல் கட்டடம், நடுவுல ஒரு சந்து, ரெண்டு பக்கமும் மேலும் கீழுமா அறைகள். கீழே முட்டை, மேலே சாணமும் வைக்கோலும் போட்டு மூட்டம். தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில ஒத்திப் பார்ப்பாங்க. உடம்புலயே சூட்டை ரொம்ப நுணுக்கமா உணர்ற இடம் அது. பெர்மே அப்படிங்கிற டெல்டா ஊர்க்காரங்கதான் இதுல கில்லாடிகள், தொழில் ரகசியம் அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு மட்டும்.

எனக்குப் பிடிச்ச இடம் இவங்களோட கொடுக்கல் வாங்கல். எகிப்து மக்களோட பழக்க வழக்கங்களைப் பத்தி எட்வர்ட் லேன் 1836-ல ஒரு புத்தகம் போட்டார். குடியானவங்க முட்டையைக் கொண்டு வந்து அடுப்புக்காரர்கிட்ட கொடுப்பாங்க, அவர் ரெண்டு முட்டைக்கு ஒரு குஞ்சு திருப்பிக் கொடுப்பார்னு அதுல இருக்கு. மிச்சம் அவர் கூலி, அவர் நஷ்டம், அவர் சாமர்த்தியம். அட, இது நம்ம ஊர் வாரம் இல்லையா! ஆட்டையோ கோழியையோ ஒருத்தர் வளர்க்கக் கொடுத்து, ஈத்துல பாதின்னு பேசிக்குவாங்களே, அதே தராசு. லேன் கொடுக்கிற அரசாங்கக் கணக்குப்படி ஒரு வருஷத்துல எகிப்து முழுக்க அடுப்புக்குப் போன முட்டை 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல, பொரிஞ்சது சுமார் 1 கோடியே 74 லட்சம். மூணுக்கு ரெண்டு. சாணி மூட்டத்தையும் கண் இமையையும் வச்சுக்கிட்டு!

பிரான்சுல ரெயோமூர்னு ஒரு விஞ்ஞானி, தெர்மாமீட்டர் அளவுக்கே தன் பேரைக் கொடுத்தவர், இதைத் தன் ஊர்ல செஞ்சு பார்க்க ஆசைப்பட்டு 1749-ல ஒரு பெரிய நூலே எழுதினார். எகிப்துக்காரங்க பிரமிடை விட இந்த அடுப்புகளுக்குத்தான் பெருமைப்படணும்ங்கிறது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

அடுத்து அமெரிக்கா. 1879 வாக்குல கலிபோர்னியாவுல பெட்டலூமாங்கிற ஊர்ல லைமன் பைஸ்னு ஒருத்தர் குஞ்சு பொரிக்கும் பெட்டி செஞ்சு விக்க ஆரம்பிச்சார். பெட்டி வந்தாச்சு, பொரிச்ச குஞ்சை எங்கே விக்கிறது? இங்கேதான் இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கு. ஓட்டை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடி குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கும். அந்தக் கட்டுச்சோறுல கிட்டத்தட்ட 72 மணி நேரம் தீனி தண்ணி இல்லாம தாக்குப் பிடிக்கும். ஒரே அடையில முதல்ல பொரிஞ்ச குஞ்சு, கடைசிக் குஞ்சு வரும் வரைக்கும் அம்மா சிறகுக்குள்ள காத்திருக்கத்தான் அந்த ஏற்பாடு. மனுஷன் அதைத் தபால் பயணத்துக்குப் பயன்படுத்திக்கிட்டான். 1892-ல நியூஜெர்சியில இருந்து சிகாகோவுக்கு ரயில்ல குஞ்சு அனுப்பிப் பார்த்தாங்க. 1918-ல அமெரிக்கத் தபால் துறையே ஒரு நாள் குஞ்சுகளைப் பார்சலா ஏத்துக்க ஆரம்பிச்சது. இன்னிக்கும் அனுப்புறாங்க. 'கீச் கீச்'னு கத்துற அட்டைப்பெட்டி தபாலாபீஸ்ல வந்து உட்கார்ந்திருக்கும்.

இந்தத் தபால் குஞ்சுக்குள்ளே ஒரு வீட்டம்மாவோட கதையும் இருக்கு. டெலவேர் மாநிலத்துல ஓஷன் வியூங்கிற ஊர், செசில் ஸ்டீல்னு பேர். வீட்டுச் செலவுக்கு நாலு காசு பார்க்க முட்டைக்கோழி வளர்த்தவங்க. 1923-ல 50 குஞ்சு கேட்டு எழுதினா, வந்து இறங்கினது 500. நாமளா இருந்தா திருப்பி அனுப்பியிருப்போம். இந்தம்மா அனுப்பலை. சின்னதா ஒரு கொட்டாய் போட்டு, அடுப்பு வச்சு வளர்த்து, பிழைச்சதை எல்லாம் கறிக்கு வித்தாங்க. நல்ல லாபம். மூணே வருஷத்துல பத்தாயிரம் கோழி அடங்குற கொட்டகை. இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கிற பிராய்லர் தொழிலோட ஆரம்பப் புள்ளியா இதைத்தான் சொல்றாங்க. அந்தக் குட்டிக் கொட்டாயைக் கூட நினைவுச் சின்னமாப் பாதுகாத்து வச்சிருக்காங்க.

இது வரைக்கும் குஞ்சுக்கு மதிப்பு இருந்தது. ஏன்னா பொரிச்ச அன்னிக்குச் சேவலா பெட்டையான்னு தெரியாது. கொண்டை வர்ற வரைக்கும் எல்லாத்துக்கும் தீனி போட்டே ஆகணும். சேவல் சட்டிக்குப் போகும், பெட்டை முட்டைக்கு. இதை மாத்தினது ஜப்பான். மசுயி, ஹாஷிமோட்டோன்னு ரெண்டு ஆய்வாளர்கள், ஒரு நாள் குஞ்சோட ஆசனவாயை விரிச்சு, உள்ளே இருக்கிற கடுகளவு மேட்டை வச்சே ஆணா பெண்ணான்னு சொல்லிடலாம்னு கண்டுபிடிச்சாங்க. 1933-ல அவங்க புத்தகம் இங்கிலீஷ்ல வந்தது. ஜப்பான்ல இதுக்குன்னே பள்ளிக்கூடம் நடத்தி, கத்துக்கிட்டவங்க பல நாடுகளுக்குக் கிளம்பிப் போனாங்க. ஒரு பார்வை, இந்தக் கூடை. ஒரு பார்வை, அந்தக் கூடை.

அந்த ரெண்டாவது கூடையில விழுந்ததுதான் நம்ம தெருவுக்கு வந்த கலர் குஞ்சு.

வெள்ளை லெக்ஹார்ன் வழியில வந்த முட்டைக்கோழி வருஷத்துக்கு முன்னூறு முட்டை போடும். அதுக்காக அதோட அடைகாக்கும் குணத்தையே தலைமுறை தலைமுறையா கழிச்சுக் கட்டிட்டாங்க. அந்த இனத்துச் சேவல் கறிக்கும் லாயக்கில்லை, தின்ற தீனிக்குச் சதை வைக்காது. 1971-ல பி.வி.ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் ஆரம்பிச்ச காலத்துக்கு அப்புறம் இந்தியாவுல பண்ணைத் தொழில் வேகமா வளர்ந்தது, நாமக்கல் முட்டை ஊராச்சு. பொரிப்பகத்துல பாதிக்குப் பாதி சேவல் குஞ்சு. தீனி போட்டாலும் நஷ்டம், அதனால பொரிச்ச அன்னிக்கே கொன்னுடறதுதான் உலகம் முழுக்க வழக்கம். அதுல கொஞ்சம் சாயம் பூசிக்கிட்டு ஊருக்குள்ள வந்தது. நம்ம வீட்டு ரோஸ் குஞ்சு வளர வளர வெள்ளையானதும், கடைசி வரை முட்டையே போடாததும் ஏன்னு இப்போ புரியுதா? ஜெர்மனி 2022-லிருந்து சேவல் குஞ்சைக் கொல்றதைச் சட்டம் போட்டு நிறுத்திடுச்சு. முட்டைக்குள்ள இருக்கும்போதே ஆணா பெண்ணான்னு பார்க்கிற கருவிகள் வந்தாச்சு. விலை ஜாஸ்தி.

சரி, இவ்வளவு சொல்லிட்டு வளர்க்கிறது எப்படின்னு சொல்லலைன்னா அடிக்க வருவீங்க. குஞ்சு மலிவு, அம்மாதான் விலை. வாங்கின குஞ்சு ரெண்டே நாள்ல செத்துப் போறதைச் சாயத்து மேல பழி போடுவாங்க. பெரும்பாலும் குளிர்தான் காரணம். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேணும், வாரத்துக்கு மூணு டிகிரி வாக்குல குறைச்சுக்கிட்டே வரலாம். ஒரு அட்டைப்பெட்டி, உமி, மேலே தொங்குற ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு. இன்னிக்குச் சிக்கல், குண்டு பல்பு கிடைக்கிறதே அபூர்வம், எல்இடி பல்புல வெளிச்சம் வரும், சூடு வராது. தேடி வாங்குங்க. தெர்மாமீட்டர் வேண்டாம். குஞ்சு பல்புக்குக் கீழே ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா குளிருது, மூலையில ஒதுங்கி வாயைத் திறந்தா சூடு அதிகம், பரவலாத் திரிஞ்சா சரியா இருக்கு. வழவழப்பான பேப்பரை வெறுமனே விரிக்காதீங்க, கால் வழுக்கிக் கவட்டையாப் போயிடும். தண்ணித் தட்டுல நாலு கூழாங்கல் போடுங்க, இல்லைன்னா குஞ்சு உள்ளே விழுந்து நனைஞ்சு விறைச்சுடும். தீனிக்கு நொய், கம்பு, கேழ்வரகு மட்டும் போதாது. குஞ்சுக்குப் புரதம் வேணும். கடைத்தீனி வாங்க முடியாதவங்களுக்கு நம்ம பழைய வழி இருக்கவே இருக்கு: ஒரு பழைய பானையில காய்ஞ்ச சாணியும் கந்தல் சாக்கும் திணிச்சு, தண்ணி தெளிச்சு, புத்துப் பக்கமாச் சாயங்காலம் கவுத்து வைங்க. காலையில பானை நிறைய கறையான். பைசா செலவில்லை, குஞ்சுக்குக் கல்யாண விருந்து.

நாட்டுக்கோழி அடைக்கு வைக்கிற வீடா இருந்தா இன்னொரு சிக்கனம். பொரிச்ச குஞ்சைப் பிரிச்சு பல்புக்குக் கீழே விட்டுட்டா தாய்க்கோழி சீக்கிரமே அடுத்த ஈடுக்கு வந்துடும். எகிப்துக்காரன் கணக்குதான். ஆனா பஞ்சாரத்தைத் தூக்கினதும் அம்மா பின்னாடி வரிசையாப் போற காட்சி போயிடும், பருந்து வட்டமிட்டா அது கொடுக்கிற ஒரு குரலும் போயிடும். நான் பிரிக்கிறதில்லை, முட்டை போனாப் போகட்டும்.

கடைசியா வெள்ளைக்கழிச்சல். இதைச் சொல்லாம கோழி வரலாறு கிடையாது. குமாவுன் மலையில இருக்கிற ராணிக்கேத் ஊர்ல 1927-ல இந்தியாவுல முதல்ல அடையாளம் கண்டதால ராணிக்கெட் நோய்னு பேர். இங்கிலாந்துல அதுக்கு முந்தின வருஷம் நியூகாசில் ஊர்ல வந்ததும் இதே கிருமிதான், அங்கே அந்த ஊர்ப் பேர். (ஒரு ஊருக்கு வரக்கூடாத பெருமை.) வந்தா ஒரே வாரத்துல கொல்லை காலி. பத்துக் கோழி வச்சிருந்த வீட்டுல அந்த வருஷப் புத்தகப் பைக்கும், தீபாவளித் துணிக்கும், அவசர வைத்தியத்துக்கும் இருந்த கையிருப்பே காலின்னு அர்த்தம். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களோட சொந்தக் காசு, யார்கிட்டயும் கணக்குக் காட்ட வேண்டாத காசு. தடுப்பு மருந்து 1940-கள்ல முக்தேஸ்வர் ஆய்வகத்துலேயே வந்தாச்சு. ஆனா ஊசி போட, மரத்து மேல அடையற நாட்டுக்கோழியை யார் பிடிக்கிறது? பத்துக் கோழிக்காக யார் ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு வர்றது? அதுக்காகவே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் குருணை மாதிரி, தீனியா போட்டாலே போதும்ங்கிற தடுப்பு மருந்து கண்டுபிடிச்சது. வாங்கின குஞ்சுக்கு முதல் வாரக் கடைசியில கண்ணுல ஒரு சொட்டு மருந்து போதும், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துல கேளுங்க. குஞ்சு விலையை விடக் குறைவான செலவு, போடாமத்தான் பாதிப் பேர் இழக்கிறாங்க.

அடைக்கு வைக்கிறதை 'அவயம் வைக்கிறது'ன்னும் சில பக்கம் சொல்வாங்க. உங்க ஊர்ல என்ன பேர், இரும்பும் மிளகாயும் தவிர வேற என்ன வைப்பாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பின்னூட்டத்துல போடுங்க. சண்டைச் சேவல் கதையைத் தனிப் பதிவா எழுதறேன், அது இதுல அடங்காது.