குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்: 'எந்த வகை?' என்ற கேள்வி ஏன் முக்கியம்?

குழந்தைக்கு 'பிளட் கேன்சர்' என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "பிழைச்சிடுமா டாக்டர்?" என்பதுதான். டாக்டர்களோ உடனே பதில் சொல்லாமல், எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட் வரட்டும், குரோமோசோம் ரிப்போர்ட் வரட்டும் என்பார்கள். மழுப்புகிறார்களோ என்று தோணும். அப்படி இல்லை. வகை தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

ஏன் என்று பார்க்கலாம்.

ஏ.எல்.எல்., ஏ.எம்.எல். என்றால் என்ன?

எலும்பு மஜ்ஜையில் முதிர்ச்சி அடையாத ரத்த அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் அக்யூட் லுகேமியா. லிம்ஃபாய்டு வகை அணுக்களில் தொடங்கினால் ஏ.எல்.எல்., மைலாய்டு வகையில் தொடங்கினால் ஏ.எம்.எல். குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவில் நான்கில் மூன்று பங்கு ஏ.எல்.எல்.தான். அதற்கான சிகிச்சை 2 ஆண்டுகளுக்கு மேல் நீளும். ஏ.எம்.எல். சிகிச்சை சில மாதங்கள்தான், ஆனால் ரொம்பக் கடுமையானது.

முதலில் எப்படிப் பிரித்தார்கள்?

1976-ல் பிரான்ஸ், அமெரிக்கா, பிரிட்டன் நிபுணர்கள் சேர்ந்து ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாடுகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'எஃப்.ஏ.பி.' என்று பெயர். மைக்ரோஸ்கோப்பில் அணு எப்படித் தெரிகிறது என்பதை வைத்து ஏ.எல்.எல்.லை எல்1, எல்2, எல்3 என்று பிரித்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அணுக்கள் ஒரு குழந்தைக்கு மருந்தில் மறைந்துவிடும், இன்னொரு குழந்தைக்குத் திரும்ப வந்துவிடும். தோற்றம் மட்டும் போதாது என்று புரிந்தது. பிறகு அணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை வைத்து பி-செல், டி-செல் என்று பிரிக்கும் முறை வந்தது.

இதற்கிடையில் ரொம்ப எளிமையான ஒரு அளவுகோலும் உருவானது. வயது 1 முதல் 10-க்குள், வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 50,000-க்குக் கீழ் என்றால், பி-செல் ஏ.எல்.எல்.லில் 'ஸ்டாண்டர்டு ரிஸ்க்'. மற்றவை 'ஹை ரிஸ்க்'. சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். இன்றுவரை இது பயன்பாட்டில் இருக்கிறது.

குரோமோசோம் என்ன சொல்கிறது?

நம் அணுக்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. புற்று அணுவில் அது 50-ஐத் தாண்டினால் பொதுவாக நல்ல செய்தி. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அந்த அணுக்கள் கீமோதெரபிக்கு எளிதாக மடிகின்றன. 12 மற்றும் 21-ம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தாலும் நல்ல அறிகுறிதான். 44-க்குக் கீழே போனால் கவலைக்குரியது.

9 மற்றும் 22-ம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டால் அது 'பிலடெல்பியா' வகை. ஒரு காலத்தில் டாக்டர்கள் பயந்த பெயர். கைக்குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் கே.எம்.டி.2ஏ ஜீன் மாற்றமும் அப்படித்தான்.

மோசமான வகை என்றால் முடிந்ததா?

இல்லை. இணையத்தில் தேடிப் பார்த்து பயப்படுகிறவர்கள் கவனிக்காத விஷயம் இது. 'மோசமான வகை' என்பது, அன்று இருந்த சிகிச்சையில் மோசம் என்றுதான் அர்த்தம்.

பிலடெல்பியா வகையையே எடுத்துக்கொள்வோம். கீமோவுடன் இமாட்டினிப் மாத்திரையையும் தொடர்ச்சியாகக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2009-ல் வெளியானது. 3 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்த குழந்தைகள் சுமார் 80 சதவீதம். அதற்கு முன்பு அது 35 சதவீதம்தான்.

கே.எம்.டி.2ஏ வகை கைக்குழந்தைகளில் 30 பேருக்கு பிளினாட்டுமோமாப் மருந்தைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2023-ல் வந்தது. 2 ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் சுமார் 82 சதவீதம். பழைய சிகிச்சையில் சுமார் 49 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் சின்னதல்ல.

ஏ.எம்.எல்.லில் 'எம்3' என்ற வகை, ரத்தக்கசிவால் வேகமாக உயிரைப் பறித்தது. இன்று வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ஒரு மருந்தும் ஆர்சனிக்கும் (ஆமாம், விஷம் என்று நாம் சொல்லும் அதே ஆர்சனிக்) சேர்ந்து, அதை அதிகம் குணமாகும் வகையாக மாற்றிவிட்டன. முதல் சில நாட்களில் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மாதம் ஏன் முக்கியம்?

ஏ.எல்.எல். சிகிச்சை தொடங்கி சுமார் 4 வாரத்தில் 'எம்.ஆர்.டி.' பரிசோதனை செய்வார்கள். 10,000 அணுக்களில் ஒரு புற்று அணு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். இந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் நல்ல பதில். மேலே இருந்தால் சிகிச்சையைக் கூட்டுவார்கள். ஆரம்பத்தில் 'ஸ்டாண்டர்டு' என்று சொல்லப்பட்ட குழந்தை இங்கே 'ஹை ரிஸ்க்' ஆகலாம்.

குறைத்துக் கொடுத்தால் நோய் திரும்பும். தேவையில்லாமல் கூட்டினால் கிருமித்தொற்று, பிற்காலத்தில் இதயப் பாதிப்பு. வகை பிரிப்பதே இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைப் பிடிக்கத்தான்.

இந்தியாவில்?

1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை 'எம்.சி.பி.-841' என்ற சிகிச்சை முறையைப் பின்பற்றின. அதில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே திட்டம். பின்னர் வந்த 'ஐசிக்கிள்' கூட்டு ஆய்வு, ரிஸ்க் பார்த்துப் பிரித்து சிகிச்சை தரும் முறையைப் பல மருத்துவமனைகளில் கொண்டுவந்தது.

ஆனால் நம் நாட்டில் நல்ல வகை நோய் வந்த குழந்தைகளும் கிருமித்தொற்றால் இறக்கிறார்கள். செலவு, தூரம், பாதியில் நல்லாயிட்டான் என்ற நினைப்பு - இதனால் சிகிச்சையை நிறுத்துபவர்களும் உண்டு. இதையெல்லாம் எந்த குரோமோசோம் ரிப்போர்ட்டும் முன்கூட்டிச் சொல்லாது.