பதில் வராத கடிதம்: எலிபன்ரைன் தீவின் யூதர்களும் எங்கட அட்டவணையும்

எங்கட முதலாம் வருடக் கொப்பியில ஒரு அட்டவணை இருக்குது. நாலு நிரல்: மதம், தாபகர், புனித நூல், வழிபாட்டிடம். யூத மதத்துக்கு நேரே மோசே, தோரா, செபக்கூடம் எண்டு எழுதி வைத்திருக்கிறோம். பரீட்சைக்கு அது காணும். முதலில் ஒரு நூல் வந்தது, பிறகு அதைப் பின்பற்ற ஒரு சனம் வந்தது எண்டுதான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பைக் குழப்பியது நைல் நதியின் நடுவே இருக்கிற ஒரு சின்னத் தீவு.

எலிபன்ரைன் தீவு எகிப்தின் தெற்கு எல்லையில், இன்றைய அஸ்வான் நகருக்கு முன்னால் கிடக்கிறது. பழைய பெயர் யேப். கி.மு. 525இல் பாரசீக அரசன் கம்பைசஸ் எகிப்தைப் பிடித்தான். அதற்குப் பிறகு அந்த எல்லையைக் காத்த பாரசீகப் படையில் யூதக் குடும்பங்களும் இருந்தன. சம்பளத்துக்குச் சேவகம் செய்த படைவீரர்கள். அரமேய மொழியில் எழுதினார்கள், வீடு வாங்கினார்கள், வித்தார்கள், கலியாணம் கட்டினார்கள், வழக்குப் போட்டார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்களுடைய பத்திரங்களும் கடிதங்களும் பப்பிரஸ் தாள்களில் அப்படியே கிடைத்திருப்பதுதான். அந்த வரண்ட மண் அவற்றை உக்க விடவில்லை.

கிடைத்த விதமும் ஒரு கதை. சார்ல்ஸ் வில்பர் என்ற அமெரிக்கர் 1893இல் அஸ்வானில் சில பப்பிரஸ் சுருள்களை வாங்கினார். 1896இல் அவர் இறந்துபோனார். சுருள்கள் அவருடைய பெட்டி ஒன்றுக்குள்ளேயே அரை நூற்றாண்டு கிடந்தன. மகள் இறந்தபிறகு அவை புரூக்ளின் அருங்காட்சியகத்துக்குப் போய், 1953இல்தான் அச்சில் வந்தன. இதற்கிடையில், 1906 முதல் 1908 வரை ஜெர்மானியர்கள் அந்தத் தீவில் அகழ்வு செய்து இன்னொரு தொகுதியை எடுத்திருந்தார்கள். எங்களை உலுப்பிய கடிதம் இந்தத் தொகுதியில் இருக்கிறது.

கி.மு. 407 நவம்பரில், யெதனியா என்பவரும் அவருடன் இருந்த குருக்களும் யூதேயாவின் ஆளுநர் பகோகிக்கு எழுதிய விண்ணப்பம் அது. விஷயம் இதுதான். யேப் தீவில் அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. யாஹோ என்று அவர்கள் எழுதிய கடவுளுக்கான கோயில். எபிரேய விவிலியம் சொல்லும் அதே கடவுள்தான். கல் தூண்கள், செதுக்கிய கல்லால் ஐந்து வாசல்கள், கேதுரு மரக் கூரை. கம்பைசஸ் வருவதற்கு முன்னமே தங்கள் முன்னோர் கட்டியது என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன், கி.மு. 410இல், பாரசீக ஆளுநர் அர்சாமா ஊரில் இல்லாத நேரம், பக்கத்திலிருந்த குனும் கோயிலின் எகிப்தியக் குருக்கள் உள்ளூர் அதிகாரி விதரங்காவைக் கையில் போட்டுக்கொண்டார்கள். படை வந்தது. தூண்களை உடைத்து, கூரையை எரித்து, பொன், வெள்ளிக் கிண்ணங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து நாங்கள் சாக்குத் துணி உடுத்து உபவாசம் இருக்கிறோம், எண்ணெய் பூசுவதில்லை, வைன் குடிப்பதில்லை, எங்கள் மனைவியர் விதவைகள் போல இருக்கிறார்கள் என்று எழுதுகிறார் யெதனியா.

இன்னொரு முறைப்பாடும் அதில் இருக்கிறது. கோயில் இடிந்த உடனேயே எருசலேமின் தலைமைக்குரு யோகனானுக்கும் அங்கிருந்த பெரியவர்களுக்கும் எழுதினோம், ஒரு பதிலும் வரவில்லை என்கிறார்கள். அந்த மௌனத்துக்கு என்ன காரணம் என்று எங்கேயும் எழுதியில்லை. ஆனால் விவிலியம் படித்தவர்களுக்கு ஒரு காரணம் உடனே தோன்றும். உபாகமம் (இணைச்சட்டம்) 12ஆம் அதிகாரம், கடவுள் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்தில்தான் பலி செலுத்தலாம் என்கிறது. பிற்காலத்தில் எல்லோரும் அந்த இடத்தை எருசலேம் என்றே விளங்கிக்கொண்டார்கள். அப்படியெண்டால் யேப் கோயில் நின்றதே சட்டவிரோதம்.

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவெண்டால், யெதனியாவுக்கு இது தெரிந்த மாதிரியே இல்லை. சட்டத்தை மீறிக் கோயில் கட்டின ஒருவர் அந்தச் சட்டத்தின் காவலருக்கே போய் உதவி கேட்பாரா? கடிதத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, மன்னிப்பும் இல்லை, சாக்குப்போக்கும் இல்லை. கோயில் இருப்பது இயல்பு, இடித்தது அநியாயம், அவ்வளவுதான்.

மற்றத் தாள்களைப் பார்த்தாலும் இதே கதைதான். கோயிலுக்குக் காசு சேர்த்த ஒரு பட்டியல் கிடைத்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு சேக்கல். கடைசியில் காசு பங்கிடப்படுகிறது: யாஹோவுக்கு 126 சேக்கல், ஏசெம்பெத்தேலுக்கு 70, அனாத்பெத்தேலுக்கு 120. பின்ன இரண்டும் வேறு தெய்வங்களின் பெயர்கள். மிப்தாகியா என்ற யூதப் பெண் ஒரு வழக்கில் எகிப்திய தெய்வம் சாத்தியின் பேரில் சத்தியம் செய்கிறாள். அவளுடைய கலியாணப் பத்திரத்தின்படி, சபை நடுவே எழும்பி நின்று கணவனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கும் உண்டு. தாமுத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை யாஹோ கோயில் ஊழியர் அனனியா கி.மு. 449இல் மணந்தார். அவளை எசமான் விடுதலை செய்தது 427இல்தான். பிந்திய பத்திரம் ஒன்றில் அவளும் யாஹோவின் ஊழியக்காரி என்றே குறிக்கப்படுகிறாள்.

ஓட்டுச் சில்லு ஒன்றில் ஒருவர் அவசரக் குறிப்பு எழுதியிருக்கிறார்: நாளைக்கு மரக்கறி அனுப்புறன், ஓய்வுநாள்தான், எண்டாலும் படகடிக்குப் போய் எடு, பழுதாகப் போகுது, போகாட்டி உன்னைச் சும்மா விட மாட்டன் என்ற கணக்கில். ஓய்வுநாள் என்ற பெயர் தெரிந்திருக்கிறது. அண்டைக்கு வேலை செய்யக்கூடாது என்ற கவலையைக் காணோம்.

இவ்வளவு தாள்களிலும் மோசே இல்லை. எகிப்திலிருந்து வெளியேறிய கதை இல்லை, அதுவும் எகிப்தில் இருந்துகொண்டே. தோராவின் ஒரு துண்டும் இல்லை. கிடைத்த இலக்கியம் அகிகார் என்ற ஞானியின் கதை. அது யூதக் கதையும் இல்லை.

ஆய்வாளர்கள் இதை எப்படி விளங்கிக்கொண்டார்கள்? கனகாலமாக ஓடிய விளக்கம், இவர்கள் ஒதுக்குப்புறத்தில் கிடந்து, அயல் தெய்வங்களோடு கலந்து, அசல் மதத்திலிருந்து விலகிப் போனவர்கள் என்பது. வெல்ஹவுசன் நூறு வருடத்துக்கு முன்னமே மறுபக்கமாக யோசித்தார்: இவர்கள் விலகினவர்கள் அல்ல, சீர்திருத்தம் வருவதற்கு முந்திய மதத்தின் எச்சம். அண்மைக்கால ஆய்வுகள் இன்னும் தூரம் போகின்றன. யேப் யூதர்தான் விதிவிலக்கு என்று ஏன் முடிவெடுத்தோம், அந்தக் காலத்தில் விவிலியம் காட்டும் யூதம்தான் விதிவிலக்காக இருந்திருக்கலாமே என்று ரைன்ஹார்ட் கிராட்ஸ் போன்றவர்கள் கேட்கிறார்கள். யோனத்தான் அட்லர் 2022இல் வெளியிட்ட நூல் மண்ணுக்குள் தேடுகிறது. சாதாரண சனம் தோராவை எப்போதிருந்து கைக்கொண்டது என்பதுதான் அவருடைய கேள்வி. செதிலில்லாத மீன் தோராவில் விலக்கப்பட்டது. ஆனால் பாரசீகக் கால எருசலேமில் அதன் எலும்புகள் கிடைக்கின்றன. அக்கால யூதேய நாணயங்களில் மனித, மிருக உருவங்கள் இருக்கின்றன. சடங்குக் குளியல் தொட்டிகள் வெகு பிந்தித்தான் தோன்றுகின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கு முன் தோரா பரவலாகக் கைக்கொள்ளப்பட்டதற்குச் சான்று இல்லை என்பது அவருடைய முடிவு.

இதோடு எல்லோரும் ஒத்துப்போகவில்லை, நாங்களும் அவசரப்படக்கூடாது. காணிப் பத்திரத்தில் மோசேயைத் தேடினால் கிடைப்பாரா? எங்கட வீட்டு உறுதியிலும் எங்கட கடவுள் நம்பிக்கை எழுதியில்லைத்தானே. தவிர, கி.மு. 419இல் அனனியா என்ற வேறொருவர் யேப்புக்கு அனுப்பிய சிதைந்த கடிதம் ஒன்று, நிசான் மாதம் 15 முதல் 21 வரை தூய்மையாக இருக்கும்படியும் புளித்தமா பற்றியும் சொல்கிறது. பாஸ்கா என்ற சொல் மிஞ்சிய பகுதியில் இல்லை. ஆனாலும் யாரோ முறைகளைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது தெளிவு. நூல் ஒரே இரவில் வந்து இறங்கவில்லை, மெல்ல மெல்லச் சனத்துக்குள் இறங்கியிருக்கிறது எண்டுதான் நாங்கள் இதை வாசிக்கிறோம்.

கடைசியில் யெதனியாவுக்குப் பதில் வந்தது. ஆனால் எருசலேம் தலைமைக்குருவிடமிருந்து இல்லை. பகோகியும் சமாரியா ஆளுநரின் மகன் தெலாயாவும் சேர்ந்து சொன்னார்கள்: கோயிலை இருந்த இடத்திலேயே கட்டலாம், தானியப் படையலும் தூபமும் செலுத்தலாம். மிருகப் பலி பற்றி ஒரு சொல்லும் இல்லை. யேப் பெரியவர்களும் ஆடு மாடு எரிபலி இடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. கி.மு. 402இல் தாமுத்தும் அனனியாவும் வீடு வித்த பத்திரம் எல்லை சொல்லும்போது யாஹோ கோயிலைக் குறிக்கிறது. அப்ப திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சில வருடத்தில் பாரசீகர் எகிப்தை இழந்தார்கள். அதற்குப் பிறகு தாள்களும் இல்லை, அந்தச் சனத்தின் சத்தமும் இல்லை.

மற்றத் தாள்களை விட அந்த வராத பதில்தான் எங்களை நிறைய யோசிக்க வைத்தது. யேப் சனம் தங்களை யூதர் என்றே எழுதினார்கள், தங்கள் கடவுளுக்காகவே அழுதார்கள். பிறகு வந்த நூலை முன்னால் வைத்து அவர்களை அளந்து, கலப்படம் என்று தீர்ப்புச் சொன்னது நாங்கள்தான். நூல் வைத்திருப்பவர் எழுதும் வரலாற்றில் நூல் இல்லாதவர் எப்பவும் தவறினவராகத்தான் வருவார்.

எங்கட கொப்பியில அந்த அட்டவணை இன்னும் இருக்குது, பரீட்சைக்கு அது தேவைதான். ஆனா இனி யாராவது உங்களிட்ட வந்து இதுதான் அசல் மதம், மற்றதெல்லாம் பிறகு வந்த கலப்பு எண்டு சொன்னா, ஒரு கேள்வி கேளுங்கோ: அந்த அசலை எந்தச் சனம், எந்தக் காலத்தில, எந்த ஊரில அப்படியே கைக்கொண்டது? பதில் வர கொஞ்சம் சுணங்கும்.