மிளகெலியும் வரப்பெலியும்

தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காட்டு வயல்களிலும் இடுக்கி மலைகளிலும் தீனியைப் பதுக்குவதாகப் பேர் வாங்கிய சிறு பிராணிகள் இரண்டு: வயலில் வரப்பெலி, மலையில் மிளகெலி. முன்னது உண்மையிலேயே பதுக்கும். பின்னதன் மேல் உள்ளது செவிவழிப் புகார்தான்.

மிளகெலிக்கு 1859-இல் அறிவியல் பெயர் சூட்டியவர் எட்வர்ட் பிளைத். கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளர். அதன் வாழ்க்கையைப் பற்றி எழுதிவைத்தவர், திருவிதாங்கூரில் மலையரையர்களிடையே பணியாற்றிய பாதிரியார் ஹென்றி பேக்கர். முதலில் எழுதியபோது, இது கதிர்களையும் கிழங்குகளையும் சேர்த்துவைக்கும் என்று மலைவாசிகள் சொல்வதாகக் குறித்தார். பிறகு தாமே தேடிப் போனார். கிளைகளின் அடிக்கட்டையை விட்டு வெட்டிய நீண்ட மூங்கில்களை மரத்தோடு கட்டி, அவற்றையே ஏணியாக்கி ஆட்கள் ஏறினார்கள். பொந்தின் வாயைக் கை நுழையும் அளவு வெட்டி, சுருண்டு தூங்கிய பிராணியைக் கூட்டோடு எடுத்து, மரப்பட்டைப் பையில் போட்டு இறக்கினார்கள். கீழே வந்த பிறகும் சில விழிக்கவில்லையாம். ஒரே காலையில் பதினாறு கிடைத்தன. பொந்துகளில் இருந்ததாக அவர் எழுதியது இலையும் பாசியும் மட்டுமே. கதிரும் இல்லை, கிழங்கும் இல்லை. பழுத்த மிளகையும் பலாவையும் அது தின்று அழித்ததும், கூந்தல்பனையில் கட்டிய கள்ளுப்பானையின் மூடியைக் கடித்து உள்ளே விழுந்ததும் உண்மை. தின்பது வேறு, பதுக்குவது வேறு.

முதுகில் தட்டையான முட்களும் நுனியில் தூரிகை போன்ற வாலும் கொண்ட இந்தப் பிராணி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதன் குடும்பத்தில் உயிரோடுள்ள ஒரே மற்றொரு பேரினம் சீனாவிலும் வியட்நாமிலும் வாழ்கிறது.

பதுக்கலுக்கு உலகப் பெயர் பெற்றவை வட அமெரிக்காவின் நியோட்டோமா எலிகள். குச்சி, முள், எலும்பு, பளபளக்கும் பொருள் என்று அகப்பட்டதையெல்லாம் கூட்டில் குவிப்பவை. பாலைநிலக் குகைகளில் அவற்றின் சிறுநீர் உறைந்து குவியலைக் கல்லாக இறுக்கிவிடுவதால், நாற்பதாயிரம் ஆண்டுக்கு முந்தைய இலைகூட அதற்குள் கிடைக்கிறது. 1960-களிலிருந்து ஆய்வாளர்கள் பழைய காட்டை அந்தக் குவியல்களிலிருந்து படித்துவருகிறார்கள். கேரள மழையில் எந்த எலியின் சேமிப்பும் அப்படித் தங்காது. இங்கே அதன் வரலாறு, வளையைத் தோண்டியவர்கள் வழியாகத்தான் கிடைக்கிறது.

வரப்பெலியின் கணக்கு அப்படித்தான் வந்தது. பயிர் இளசாக இருக்கும்போது தண்டைக் கடித்துச் சாய்க்கும்; கதிர் முற்றியதும் கதிரையே அறுத்து வளைக்குள் இழுத்துப்போகும். பெரும்பாலும் வளைக்கு ஒரே எலி. வாயைப் புதுமண்ணால் அடைத்துவைக்கும் பழக்கம் உண்டு. குடியிருக்கும் வளையை உழவர் கண்டுகொள்வது அந்த ஈரமண் குவியலை வைத்தே. வரப்பில் வளை தோண்டினால் நீரும் கசிந்துபோகும், ஆகவே நட்டம் நெல்லோடு நிற்பதில்லை.

1839-இல் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் தார்வார் பக்கத்துப் பாலூட்டிகளைப் பட்டியலிட்டபோது, மண்வேலை செய்யும் ஒட்டர்கள் இந்த எலிகளை உணவுக்காகப் பிடிப்பதையும் வளைத் தானியத்தை எடுப்பதையும் பதிவு செய்தார். ஒரு வளையில் அரை சேர் வரை கிடைக்குமாம். நல்ல இடங்களில் ஒரு பருவம் முழுக்க அவர்கள் பெரும்பாலும் அதையே உண்டு பிழைத்தார்கள். ஓர் எலியின் அளவுக்கு இது சிறு களஞ்சியம்தான்.

தமிழ்நாட்டின் வடமாவட்ட இருளர்களும் இதே தொழில் செய்தவர்கள். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, பானை வாயை வளையில் பொருத்தி, துளை வழியாக ஊதிப் புகை ஏற்றுவார்கள். மயங்கிய எலியையும் பதுக்கிய நெல்லையும் தோண்டி எடுப்பார்கள். பாலக்காட்டின் அட்டப்பாடி இருளர்கள் வேறு வழி வந்தவர்கள். கேழ்வரகும் சாமையும் விதைத்த மலை உழவர்கள். சமவெளி உழவர் தாமே எலி பிடிக்க வைப்பது மூங்கில் வில்லால் ஆன தஞ்சாவூர் கிட்டி. பானை ஊதியவர்களுக்கு உதடு வெந்தது, நெஞ்சில் புகை அடைத்தது. கையால் சுழற்றிப் புகை செலுத்தும் எஃகுக் கருவியை இருளர்களுக்கு வழங்கும் திட்டம் 2003-இல் உலக வங்கியின் போட்டியில் பரிசு பெற்றது.