தீனியும் வருவாயும்: டென்மார்க்கு நாட்டுப் பன்றி வளர்ப்பு வரலாறு

தொழிலில் உயர்வு தாழ்வு கற்பித்தோர் பன்றி வளர்ப்பை இழிதொழில் என்றனர். அப்பழிச்சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அதே தொழிலால் ஒரு நாடு தலைநிமிர்ந்த வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும். அந்நாடு டென்மார்க்கு. நம் இளைஞர்களின் பொருட்டு அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

பன்றி வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகும். ஆதலின் தீனி எவரிடமிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது, அதனை உண்ட பன்றி எவ்வளவு எடை கூடுகிறது என்பவற்றைப் பொறுத்தே இலாபமும் நட்டமும் அமையும்.

1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க்கு தன் தென்பகுதி நிலங்களை இழந்தது. 1870களில் அமெரிக்காவிலிருந்தும் இரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைகளில் வந்து குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த டென்மார்க்கு உழவர்க்கு விலை கட்டவில்லை. விலை போகாத தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் இட்டு, வெண்ணெயாகவும் இறைச்சியாகவும் விற்க முற்பட்டனர்.

1878இல் சுவீடன் நாட்டு தெ லவால், பாலிலிருந்து ஏட்டை இடைவிடாது பிரிக்கும் பொறியை உருவாக்கினார். தனியொரு சிறு குடியானவரால் அத்தகைய பொறியை வாங்கி இயக்க இயலாது. 1882இல் மேற்கு யூட்லாந்தின் யெடிங் என்னும் சிற்றூரில் உழவர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவுப் பால்பண்ணை அமைத்தனர். வெண்ணெய் ஏற்றுமதியாயிற்று, ஏடு நீக்கிய பால் உறுப்பினர்க்கே திரும்பிற்று.

அப்பாலே பன்றிக்குத் தீனியாயிற்று. கொழுப்பு நீங்கினும் புரதம் அதில் தங்கியிருந்தது. பார்லியில் உள்ள குறையை அது நிறைத்தது. ஏறத்தாழ 6 பங்கு ஏடு நீக்கிய பால் 1 பங்கு தானியத்துக்கு ஈடாகும் எனப் பேராசிரியர் ஃபியோர்டின் சோதனைகள் காட்டின. மக்காச்சோளத்தையே மிகுதியாக உண்ட பன்றியின் கொழுப்பு இளகிவிடும். பார்லியும் பாலும் உண்ட பன்றியின் இறைச்சியோ கெட்டியாயிருக்கும். ஆங்கிலேயர் விரும்பியது அதனையே.

1887இல் ஜெர்மனி உயிர்ப்பன்றி இறக்குமதியைத் தடை செய்தது. உழவர்கள் சோர்ந்துவிடவில்லை. அவ்வாண்டே ஹோர்சென்ஸ் நகரில் கூட்டுறவு இறைச்சிச்சாலை நிறுவி, பேக்கன் எனப்படும் உப்பிட்ட இறைச்சியை இங்கிலாந்துக்கு அனுப்பினர். இக்கூட்டுறவுகளில் பொதுவாக ஒரு மாடு உடையவர்க்கும் ஒரு வாக்கு. ஐம்பது மாடு உடையவர்க்கும் ஒரு வாக்கே. இலாபமோ அவரவர் கொடுத்த சரக்கின் அளவுக்கேற்பப் பங்கிடப்பட்டது.

1907 முதல் சோதனை நிலையங்களில் ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒரே வகைத் தீனியில் வளர்த்து, ஒரு கிலோ எடை கூட எவ்வளவு தீனி செலவாயிற்று என்று கணக்கெடுத்தனர். குறைந்த தீனியில் நன்கு வளர்ந்த குட்டிகளின் பெற்றோரையே இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தனர்.

எனினும் இவ்வளர்ச்சியிலும் ஒரு குறை இருந்தது. மந்தை பெருகப் பெருக, வெளிநாட்டுத் தானியத்தையும் பிண்ணாக்கையும் நம்ப நேர்ந்தது. முதல் உலகப் போரில் அவ்வரவு தடைப்பட்டது. 1914இல் ஏறத்தாழ 25 இலட்சமாயிருந்த பன்றிகள் 1918இல் 6 இலட்சம் அளவுக்குக் குறைந்தன. பிறர் கையில் உள்ள தீனியை நம்பிய தொழில், அக்கை மூடியதும் ஒடுங்கிற்று.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கழிவென்று தள்ளத்தக்க பொருளும் அதன் பயனறிந்தார்க்குச் செல்வமாகும். ஆனால் அப்பொருள் உழைப்பவர் கைக்கே திரும்பிவர ஓர் அமைப்பு வேண்டும். அவ்வமைப்பை நடத்தக் கணக்கறிவும் எழுத்தறிவும் வேண்டும். 1844 முதல் அந்நாட்டு ஊர்ப்புறங்களில் எழுந்த மக்கள் உயர்பள்ளிகள், கூட்டுறவை நடத்திய பலரை உருவாக்கின. கல்வி முன்னே சென்றது. கூட்டுறவு அதன்பின் வந்தது. எத்தொழிலை மேற்கொள்ளினும் அதன் வரவு செலவைத் தாமே எழுதி, தாமே ஆராய்ந்து, ஒன்றுகூடி முடிவெடுக்கும் ஆற்றலை நம் இளைஞர்கள் பெறுவார்களாக.