நீல ஜேர்சியும் தீராத நேர்த்திக்கடனும்

ரொறன்ரோவில் இருக்கிற மச்சான்மாரிட்ட ஐஸ் ஹொக்கியைப் பற்றிக் கதை குடுத்துப் பாருங்கள். "அடுத்த வருசம் கப் எங்களுக்குத்தான்" எண்டு கட்டாயம் சொல்லுவாங்கள். இந்த 'அடுத்த வருசம்' 1967இல் தொடங்கினது. அந்த ஆண்டு மே 2ஆம் திகதி மேப்பிள் லீஃப்ஸ் அணி மொன்றியல் கனேடியன்ஸை வென்று தன்னுடைய 13ஆவது ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கியது. அதுக்குப் பிறகு கிண்ணமும் இல்லை, இறுதிப்போட்டிக்குக்கூட அவர்கள் போனதில்லை.

தோற்பது பெரிய விசயமில்லை, எல்லா அணியும் தோற்கும். எங்களுக்கு எரிச்சல் வருவது வேறொரு கணக்கைப் பார்க்கும்போது. 1931இல் திறந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில், 1946இலிருந்து 1999இல் அணி அங்கிருந்து வெளியேறும் வரை, லீஃப்ஸ் ஆடிய எல்லா மட்ச்சுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்ததாகவே பதிவு. வென்றாலும் கூட்டம், தோற்றாலும் அதே கூட்டம். இப்பிடி ஒரு கடை கிடைத்தால் எந்த முதலாளி சாமானின் தரத்தைப் பற்றிக் கவலைப்படப் போறார்?

1972இல் அணியின் கட்டுப்பாடு ஹரோல்ட் பலார்ட் என்பவரின் கைக்கு வந்தது. அதே வருடம் மோசடி வழக்கில் குற்றவாளியாகி அவர் மறியலுக்கும் போனார். திரும்பி வந்து, 1990இல் சாகும் வரை அணியைத் தன் வீட்டு வளவு மாதிரி வைத்திருந்தார். தலைவராக இருந்த டேவ் கியோன் 1975இல் மனம் கசந்து வெளியேறி, நீண்ட காலம் கழகத்திலிருந்து விலகியே இருந்தார். 1978இல் நடந்ததுதான் எங்களுக்குப் பிடித்த கதை. தொலைக்காட்சியில் வரும் போட்டிகளில் வீரர்களின் பெயர் ஜேர்சியின் முதுகில் இருக்கவேண்டும் என்று லீக் சொன்னது. பெயர் போட்டால் அரங்கில் விற்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தை ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்பது பலார்ட்டின் கவலை. என்ன செய்தார் தெரியுமோ? நீல ஜேர்சியில் நீல எழுத்தால் பெயரை ஒட்டுவித்தார்.

சிரிப்பாத்தான் இருக்கு. ஆனால் அடுத்த வருடம் சிரிக்க ஏலாமல் போனது. 1979 டிசம்பரில் ரசிகர்களின் செல்லப்பிள்ளை லானி மக்டொனால்டைக் கொலராடோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அவருடைய நெருங்கிய நண்பரும் அணித்தலைவருமான டரில் சிற்லர், தலைவர் அடையாளமான 'சி' எழுத்தைத் தன் ஜேர்சியிலிருந்து கழற்றிவிட்டு ஆடப்போனார். 1976இல் ஒரே மட்ச்சில் 10 புள்ளிகள் எடுத்து, லீக்கில் இன்றுவரை ஒருவரும் முறியடிக்காத சாதனை வைத்திருக்கிற ஆள் அவர். கார்டன்ஸுக்கு வெளியே சில ரசிகர்கள் பதாகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே அவர்கள் நிற்க, உள்ளே வழமைபோல ஆசனங்கள் விற்றிருந்தன. பலார்ட் எந்தப் பக்கத்தை எண்ணியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு 80கள். அந்தப் பத்து வருடத்தில் ஒரு பருவத்திலாவது தோல்விகளைவிட வெற்றிகள் கூட வரவில்லை. 1984-85இல் 80 போட்டிகளில் 20 வெற்றி, லீக்கிலேயே கடைசி இடம். பலார்ட்டோடும் இது முடியவில்லை. பின்னாளில் பெரும்பான்மைப் பங்கு ஒன்ராறியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியத்திடம் இருந்தது. லீஃப்ஸ் தொடர்ந்து ஏழு பருவங்கள் பிளேஓஃபுக்கே போகாமல் இருந்த அந்தக் காலத்திலும் பங்கின் பெறுமதி ஏறிக்கொண்டே போய், 2012இல் 130 கோடி டொலருக்கு மேல் விலைபோனது. ரசிகரின் கண்ணீரில் வாத்திமாருக்குப் பென்சன்!

சிக்காகோவில் கதை வேறு. பிளக்ஹோக்ஸ் முதலாளி பில் வேர்ட்ஸ், சொந்த ஊர் மட்ச்சுகளை உள்ளூர் தொலைக்காட்சியில் காட்டவிடாத ஆள். சனம் பொறுத்துப் பார்த்துவிட்டு வரவை நிறுத்தியது. அரங்கு காய்ந்தது. 2007இல் அவர் இறந்தபின் பொறுப்பேற்ற மகன் முதல் வேலையாகத் தொலைக்காட்சியைத் திறந்துவிட்டார். 2010இல் கிண்ணம் வந்தது, 49 வருடத்துக்குப் பிறகு. காலி ஆசனங்கள்தான் கிண்ணம் கொண்டுவந்தன என்று நாங்கள் சொல்லவரவில்லை. டோவ்ஸ், கேன் என்ற இரண்டு பெடியள் சரியான நேரத்தில் கிடைத்ததும் காரணம். ஆனால் காலி ஆசனம் ஒரு முதலாளிக்கு விளங்குகிற பாசை.

"தோற்கேக்க விட்டிட்டுப் போறவன் ரசிகனோ?" எண்டு கேப்பீங்கள். பிக் மட்ச் பார்த்து வளர்ந்த எங்களுக்கும் அந்த உணர்வு தெரியும். 1983க்குப் பிறகு ஸ்காபரோவில் போய் இறங்கின எங்கட சனத்துக்கு, பாசை பிடிபடாத ஒரு பனிக்காலத்தில் அந்த நீல ஜேர்சி 'நானும் இந்த ஊர்தான்' என்று சொல்ல உதவியது. அதை நக்கலடிக்க எங்களுக்கு மனமில்லை. கேள்வி கேட்டவனைத் துரோகியாக்கிற பழக்கத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

2014 நவம்பரில் நாஷ்வில்லிடம் சொந்த அரங்கிலேயே 9-2 என்று தோற்றபோது சில ரசிகர்கள் கோபத்தில் ஜேர்சியைக் கழற்றி ஐஸில் எறிந்தார்கள். அடுத்த மட்ச்சை வென்ற வீரர்கள், வழமையாகக் கூட்டத்துக்கு வைக்கும் வணக்கத்தை வைக்காமலே உள்ளே போய்விட்டார்கள். எறிந்த ஜேர்சிக்கும் இருந்த ஆசனத்துக்கும் காசு முதலே கட்டியாச்சு.